பவுல்ராஜ் கோடு போட்ட பைபிள்

கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் ரோசலின் டீச்சர் தன் கணவர் சொல்லை ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

சொன்னது டீச்சரேதான். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அன்று அவர் வீட்டில். பதினெட்டுப் பேர் முன்னால், சிரிப்பே காட்டாமல் சொன்னார்.

எழுந்த சிரிப்பில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டது என்று மேட்டுப்பட்டியில் இன்றும் பேச்சு.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பவுல்ராஜ்தான். "அப்ப நாங் கட்டுனது வேற ரோசலினா?"

அவருக்கு அந்தச் சொல்லின்மேல் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கையெல்லாம் பைபிளில் அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்ட இடங்களில்தான்.

பெயர்ப் பொருத்தத்தால், பவுலடியார் எழுதிய கடிதங்களெல்லாம் தனக்கே வந்த தபால் என்று அவருக்கு ஓர் எண்ணம். மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற வரியில் கோடு போட்டுப் போட்டே தாள் நைந்து, பின்பக்கம் தெரியும். மனைவியை உயிராக நேசி என்று கணவனுக்குச் சொன்னது அதற்கு மூன்று வரி கீழே. அது அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் பிரிஸ்கில்லா தாடிக்கொம்பு இந்துப் பையன் அஜித்தைப் பதிவுத் திருமணம் செய்தாள். அவிசுவாசியோடு பிணையாதே என்ற வரிக்கு அன்றைக்கு இரட்டைக் கோடு விழுந்தது.

"இனி அவ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார்.

"சரிங்க" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

பேத்திக்கு இப்போது ஏழு மாதம். பவுல்ராஜ் நேரில் பார்த்ததில்லை. டீச்சர் அசந்த நேரம் அவர் செல்போனை எடுத்துப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அந்தக் கன்னம் மட்டும் திண்டுக்கல் டவுன் அகலத்துக்கு அவருக்கு மனப்பாடம். ஆனாலும் கோடு கோடுதானே.

சிரிப்பு அடங்கியதும், "இன்னைக்கு வாசகம் நீங்கதான்" என்று டீச்சர் பைபிளை விரித்து நீட்டினார்.

பவுல்ராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிவப்பைத் தேடினார். இல்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் பேனா போனதே இல்லை.

பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். வாசித்தார்.

அவிசுவாசியான கணவன் தன் மனைவியாலே தூய்மை பெறுகிறான் என்று இருந்தது. எழுதியவர் அதே பவுலடியார். பவுல்ராஜின் குரல் இறங்கியது. அவர்கள் பிள்ளைகளும் தூயவர்களே என்று வந்த இடத்தில் அடியோடு நின்றுபோனது.

அந்த அமைதியில், உள்ளறையில் ஒரு குழந்தை வீறிட்டது.

பிரிஸ்கில்லா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வெளியே வந்து நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னடி இது? மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"மிதிக்கலைங்க" என்றார் டீச்சர். "நீங்க குளிக்கப் போனப்ப வந்தா. தாண்டித்தான் வந்தா. பிள்ளைக்கு இன்னும் மிதிக்கவே தெரியாது."

அன்பியம் முழுக்க அவரையே பார்த்தது.

பவுல்ராஜ் விடுவிடென்று வாசலுக்குப் போய்க் குனிந்தார். மதியம் டீச்சர் படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். விரலை வைத்தார், ஒட்டியது. பதினெட்டுப் பேரும் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். படியில் ஒரு காலடி இல்லை.

நிமிரப் போனவர் அப்படியே நின்றார். படிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள்.

அஜித். கையில் பழப்பை. முக்கால் மணி நேரமாகத் தெருவிலேயே நின்றிருக்கிறான். தாண்டினாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம் முகத்தில் எழுதியிருந்தது.

பவுல்ராஜ் விரலில் ஒட்டிய மஞ்சளை வேட்டியில் துடைத்தார்.

"பாத்து வாங்க மாப்ள, பெயின்ட் காயல" என்று கையை நீட்டினார்.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஆமாய்யா. எஞ் சொல்லத் தட்டலதான்."