களாச்செடிக்கு வாடகை

அந்த மணல்மேட்டுக்குச் சட்டப்படி உரிமையாளர் களாச்செடிதான். மேட்டில் குடியிருக்கும் ரெமிஜியாவும் புருஷன் கஸ்பாரும் அதற்குத் தரும் வாடகை ஒன்றே: பழத்தைத் தின்று, கொட்டையை மேடெங்கும் துப்ப வேண்டும். தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இந்த வருஷம் காய்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்திலேயே சிவந்துவிட்டன. கறுத்தால் தின்றாக வேண்டும். இருவருமோ ஈஸ்டர் வரை பழம் தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தார்கள்.

“செடிகிட்டயே கேட்டுப் பாரேன்” என்றான் கஸ்பார்.

ரெமிஜியா செடி பேசுவதற்கென்று வேரடியில் வைத்திருந்த பெட்டியருகே குனிந்தாள். “ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கிடுவியளா? சாமிக்கு வாக்குக் குடுத்துட்டோம்.”

பெட்டி பதிலே சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பின் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை.

ஈஸ்டர் காலையில் செடி முழுக்கக் கறுத்துக் குலுங்கியது. ரெமிஜியா முதல் பழத்தைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு செடியிடம் மெதுவாகக் கேட்டாள்:

“நீங்களும் தவசு இருந்தியளா?”