பெயர் சொல்லாத கூட்டம்

மலை மக்களிலிருந்து முதன்முதலாகச் சட்டசபைக்குப் போன மனிதரின் சிலையைத் திறந்துவைத்த அமைச்சர், மைக்கில் அவர் பெயரைச் சொல்லி "வாழ்க!" என்றார். திரும்ப முழங்க வேண்டிய கூட்டம் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசைப் பெண்கள் பதறிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். "நன்றி கெட்டதுங்க" என்று மேடையில் யாரோ முணுமுணுத்தது மைக்கில் ஊருக்கே கேட்டது. போலீஸ்காரர்கள் லத்தியோடு நெருங்கி வந்தார்கள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்று கலெக்டர், மேடையிலிருந்த இறந்தவரின் மனைவி நஞ்சியிடம் மைக்கை நீட்டினார்.

நஞ்சி வாங்கவில்லை. "எங்க சனத்துல செத்தவங்க பேரச் சொல்லமாட்டோம் சார். மூணு தடவ சொல்லிட்டா, செஞ்சிட்டிருந்த வேலைய அப்படியே போட்டுட்டுக் கெளம்பிருவாங்க. வேலை முடிஞ்சப்புறம் நாங்களே பேர் சொல்லி அனுப்பிவைப்போம். மந்திரி ஐயா இப்பவே ரெண்டு தடவ சொல்லிட்டாரு."

"அவர் போய் ரொம்ப வருஷம் ஆச்சேம்மா. இன்னும் என்ன வேலை பாக்கி?"

சிலைக்குப் பின்னால், தன் சனத்துக்குத் திருப்பித் தரச்சொல்லி அவர் சட்டசபையில் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த காடு. அதைச் சுற்றி எஸ்டேட்டின் முள்வேலி. நஞ்சி அந்தப் பக்கம் பார்த்தாள். மொத்தக் கூட்டமும் திரும்பி அதையே பார்த்தது.

அமைச்சரின் முகம் சிவந்தது. கலெக்டர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

நஞ்சியின் உள்ளங்கை அந்த வாயை மூடியது. லத்திகள் உயர்ந்தன. அவள் கையை எடுக்கவில்லை.