இரண்டு கை சுண்ணாம்பு

"நீயும் சுண்ணாம்பு போட்டியா? அடிப் பாவி மவளே, நானுமுல்ல போட்டேன்!"

ரொட்டி தட்டிய கையோடு ஆசியா பீவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் சலேஹா திருதிருவென்று விழித்தாள்.

மக்காச்சோளத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் போட்டு அவித்தால் தோல் கழன்றுவிடும். அரைத்த மாவும் ஓரம் வெடிக்காமல் உள்ளங்கையில் வட்டமாகத் தட்ட வரும். ஆனால் ஒருத்தி போட வேண்டியதைத் தாயும் மகளும் ஆளுக்கொரு தரம் போட்டால் ரொட்டி கசந்து தொலையும்.

"நல்லா அலசித்தான் அரைச்சேன் உம்மா. போயிருக்காதா?"

"போயிருக்கும், போகாமலும் இருக்கும். நோம்பு வாயால நான் எப்படிடி பாக்குறது?"

வேறு நாளாக இருந்தால் கவலையில்லை. இன்றைக்கு நோன்பு திறக்க வருகிறவள் சலேஹாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஜபருல்லாவின் தாயார். மனசுக்குப் பிடித்தால் இன்றே பேசி முடிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பொல்லாத நாக்குக்காரி. பாலிக் புலாவில் பெண் பார்க்கப் போன வீட்டில், ஆணக் குழம்பில் புளி தூக்கல் என்று பாதியில் கை கழுவி எழுந்து வந்தவள். நல்ல சோறாக்கிப் போடலாமென்றால் பினாங்கு முழுக்க அரிசிப் பஞ்சம். சோளத்தை விட்டால் வேறு கதியில்லை.

"ஓடு, வடிவைக் கூட்டிட்டு வா" என்றாள் ஆசியா பீவி.

பக்கத்து வீட்டு வடிவம்மாளுக்கு நோன்பு கிடையாது. அதனால் இந்த மாதம் முழுக்க இந்த வீட்டுச் சோளக் கஞ்சிக்கும் ஆணத்துக்கும் உப்புப் பார்க்கிற உத்தியோகம் அவளுடையதுதான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

ஆசியா பீவி சுடச்சுட ஒரு ரொட்டியை நீட்டினாள். "நல்லா மென்னு பாத்துச் சொல்லு வடிவு. எம் மவ வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

வடிவம்மாள் மென்றாள். தாயும் மகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கசக்குதா?"

"கசப்பா? யாரு சொன்னாக்கா? ஒரு குறையும் இல்ல. தைரியமா வைங்க லா!"

ஆசியா பீவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிச்ச மாவையும் மளமளவென்று தட்டிப் போட்டாள்.

நோன்பு திறக்கும் நேரம் சொல்லிக் கோட்டைப் பீரங்கி முழங்கியது. ஜபருல்லாவின் தாயார் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, ரொட்டியைப் பிய்த்து மீன் ஆணத்தில் தோய்த்து வாயில் போட்டாள். ஆசியா பீவிக்குப் பசியெல்லாம் எங்கோ ஓடிவிட்டது.

"ஜாகோங் சோளத்துல இப்படி ஒரு ரொட்டியா! இன்னும் ஒண்ணு வைங்க" என்றாள் வந்தவள். தின்று முடித்துக் கை கழுவியதும் சலேஹாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். "பெருநாள் கழியட்டும். நிக்காஹ்வ வச்சிருவோம்."

அவள் வண்டி தெருமுனை தாண்டியதுதான் தாமதம், ஆசியா பீவி பக்கத்து வீட்டுக்கு ஓடி வடிவம்மாளைக் கையோடு இழுத்துவந்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஒன் நாக்குதான் வடிவு இன்னிக்கு என் மானத்தக் காப்பாத்துச்சு! சலேஹா, தேத்தண்ணி கொண்டா!"

நிக்காஹ் நினைப்பில் மிதந்துகொண்டிருந்த சலேஹா இரண்டு கோப்பைகளை வைத்துவிட்டுப் போனாள். வடிவம்மாள் மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.

"சீனி அளவா போட்டிருக்கா. மவராசியா இருக்கட்டும்!"

ஆசியா பீவியும் ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். சீனிக்குப் பதில் அத்தனையும் உப்பு!

திரும்பி வந்து வடிவம்மாளின் காலிக் கோப்பையைப் பார்த்தாள். வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நோம்புக்கு முன்னாடி விஷக் காய்ச்சல் வந்து படுத்தேன்ல, அதோட எனக்கு ருசியே தெரியாமப் போச்சுக்கா. நீங்க ஆசையா கூப்பிட்டீங்க, சொல்ல வாய் வரல."

"அப்ப இந்த மாசம் பூரா நீ உப்புப் பாத்தது? இன்னிக்கு ரொட்டி?"

"எல்லாம் ஒங்க கைய நம்பிச் சொன்னதுதான்க்கா!"