ஒற்றைப் பலகைக்காரன்

"ஒத்தைப் பலகைக்காரப் பயலுகளே இப்படித்தான். இடிச்சுப் போட்டுட்டு ஓடிருவீங்க!"

மீட்புக் குழுத் தலைவர் மெத்தோதி போட்ட சத்தத்தில் பிரின் பனிமலைக் குடிலே அடங்கிப்போனது. இரு காலையும் ஒன்றாய்ப் பூட்டிச் சறுக்கும் தன் பனிப்பலகையை மார்போடு அணைத்தபடி நின்றான் ராதோய். காலையில் பைன் காட்டு வழியில் யாரோ மோதியதில் ஆட்களை மலையுச்சிக்கு ஏற்றும் லிஃப்டை ஓட்டும் ஸ்பாஸின் இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. மோதியவர் நிற்கவே இல்லை. மயங்கிக் கிடந்தவரை முதலில் கண்டு, சறுக்குவண்டியில் இழுத்து வந்தவர் மெத்தோதிதான்.

"நான் இல்லண்ணே. அந்தப் பக்கமே போகல."

"பின்ன யாரு? காலுக்கு ஒண்ணா ஸ்கீ மாட்டினவன் விழுந்தவனை விட்டுட்டுப் போவானா? எங்க சாதியிலேயே அது கிடையாதுடா!"

"தடத்தைப் பாருங்கண்ணே. பலகைன்னா ஒத்தைத் தடம், ஸ்கீன்னா ரெட்டைத் தடம். பனி பொய் சொல்லாது."

"பார்த்தாச்சு தம்பி," என்றார் அவன் தோளைப் பற்றியிருந்த போலீஸ்காரர். "அங்க மீட்பு வண்டி இழுத்த பட்டைத் தடம் மட்டும்தான் இருக்கு. நட."

ராதோய் வாசலில் திரும்பினான். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க."

மெத்தோதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலையில் ஸ்பாஸை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, காலி வண்டியோடு அவர் மறுபடி காட்டுக்குள் போனதை யாரும் பார்க்கவில்லை. மோதிய இடத்தில் தொடங்கிய ரெட்டைத் தடத்தின் மேலேயே வண்டியை இழுத்து, அதை அழித்துக்கொண்டே நடந்தார். தடம் அவர் வீட்டுக் கொல்லையில் போய் முடிந்தது. படிக்கட்டில், காலில் மாட்டிய ஸ்கீயைக்கூடக் கழற்றாமல், அவருடைய மகள் யோவா உட்கார்ந்திருந்தாள்.