வீரையன் வீட்டு மாடி

பெற்ற மகளிடம் மாச வாடகை வாங்கிய மகராசன், தஞ்சாவூர் ஜில்லாவிலேயே வீரையன் ஒருவர்தான்.

மகள் அறிவுமதிக்கு அயர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் முறிந்து அங்கே தனியாக இருந்தாள். ஒருநாள் கம்பெனி கூப்பிட்டுச் சொன்னது: "இங்கே செலவு கட்டுப்படியாகலை. வேலையை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டா உங்க பிழைப்பு போயிடும். அதனால வேலையோட உங்களையும் சேர்த்து செலவு கம்மியான ஊருக்கு அனுப்பிடறோம். சம்பளம் பாதி."

பத்து ஊர் கொண்ட பட்டியலை நீட்டினார்கள். ஏழாவது ஊர் தஞ்சாவூர்!

சொந்த ஊருக்கே வெளிநாட்டு மாற்றலில் வந்து இறங்கினாள் அறிவுமதி. கையில் கம்பெனி கொடுத்த கையேடு: 'இவ்வூர் மக்கள் கையால் சாப்பிடுவார்கள். அஞ்ச வேண்டாம்.'

வீரையன் வாசலிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மாடி காலியாத்தான் இருக்கு. மாசம் ஆறாயிரம்."

"விளையாடாதீங்கப்பா."

"விளையாட்டு இல்லம்மா. முப்பது வருஷத்துக்கு அக்ரிமென்ட். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிஞ்சுடணும்."

அவர் மனைவி நீலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணுகிட்ட வாடகையா? உங்களுக்கு நல்ல சாவு வருமா?"

"நீ வேணும்னா சோறு போடு. அது அக்ரிமென்ட்டுல வராது."

சேதி வேதாரண்யம் வரைக்கும் பறந்தது. அங்கே உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து, "அந்த ஆளு சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறாரா?" என்று கேட்டார்களாம்.

கீழ்வீட்டில் இருந்த மகன் இளவழகன் குதித்தான்.

"ஊரே சிரிக்குதுப்பா! முப்பது வருஷத்துக்குத் தங்கச்சியைக் கறக்கப் போறீங்களா? பாவம், நாலு மாசம் சும்மா இருந்துட்டுப் போகட்டுமே. அதுக்குள்ள வேற இடம் பார்த்துக் கட்டிக் குடுத்துடலாம். மாடிக்கு என் மச்சான் வர்றேன்னு சொல்லியிருக்கான்."

"உன் மச்சான் வாடகை தருவானா?"

"அவன்கிட்ட எப்படிப்பா கேட்கிறது?"

"அப்ப பேச்சை விடு."

மறுவாரமே பத்திரம் பதிவானது. முதல் மாச வாடகையை மேசைமேல் வைத்தபோது அறிவுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பணத்துக்கு உங்களுக்கு என்னப்பா குறை?"

வீரையன் ரசீதில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கப்பன் ஒரு மிராசுதார் பண்ணையில முப்பது வருஷம் உழைச்சாரு. 'நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிடா'ன்னுதான் சொல்லுவாங்க. ஒருநாள் கோபத்துல 'வெளிய போ'ன்னாங்க. குடிசையைப் பிரிச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னோம். பக்கத்து வயல் குத்தகைக்காரரையும் கிளப்பப் பார்த்தாங்க. அவர் கையில ரசீது இருந்துச்சு. கோர்ட்டு வரைக்கும் போயும் அசைக்க முடியல."

"அதுக்கு?"

"மாடியை உன் பேருக்கு எழுதினா உங்கண்ணன் ஜென்மத்துக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டான். நாளைக்கு வாடகை அவன் கைக்கு வருதுன்னா வாயை மூடிக்குவான்."

ரசீதை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"வாழப் போன இடத்துலேர்ந்து திரும்பி வந்த பொண்ணை, எனக்கப்புறம் யாராவது ஒருத்தர் 'எப்ப கிளம்புறே'ன்னு கேட்டுடுவாங்கம்மா. வாடகை குடுத்துக் குடியிருக்கிறவளை எவனும் கேட்க முடியாது."