இருபதில் ஏறிய மலை

ஒன்பது பைக்குகளும் ஒரே இணைப்பில் இருந்தன. இணைப்பில் இருக்கும்வரை, கூட்டத்தில் அதிகம் பயப்படுபவரின் மனசு தாங்கும் வேகத்தில்தான் எல்லா வண்டிகளும் போகும். அவர் யாரென்று எந்த வண்டியும் காட்டாது.

கொல்லிமலை ஏற்றத்தில் வேகம் இருபதைத் தாண்டவில்லை. எஸ்தருக்கு இதுதான் முதல் பயணம்.

"புதுசா ஆள் சேர்த்தா இப்படித்தான்," என்று ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் கேட்டது.

வேகம் ஏறாததற்குக் காரணம் தன் பயம்தான் என்று எஸ்தரும் நம்பினாள். டீக்கடை ஒன்றில் நிறுத்தி இணைப்பிலிருந்து விலகினாள். "நீங்க போங்க. நான் மெதுவா வந்துக்கறேன்."

எட்டுப் பேரும் கிளம்பினார்கள். அவள் டீயோடு அண்ணாந்து பார்த்தாள். மேல் வளைவுகளில் அவர்கள் அதே இருபதில் ஊர்ந்துகொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் முன்னால் வழிநடத்திச் சென்ற தர்மராசு மட்டும் திரும்பி வந்தார். முப்பது வருடமாக மலை ஏறுபவர். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நான்தாம்மா அது. போன வருசம் என் பின்னாடி வந்தவர் இங்க விழுந்து செத்துட்டாரு. அப்பலேர்ந்து முன்னாடி போகவே பயம். அவங்க உன்னைச் சொன்னப்ப வாயத் தொறக்காம இருந்துட்டேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொல்லிட்டுத்தான் வர்றேன். மேல நிக்கிறாங்க."

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்க கடைசியா வாங்கண்ணே. பின்னாடி யாரும் இருக்க மாட்டாங்க."

மேலே போய் எல்லோரோடும் இணைந்தார்கள். தர்மராசு கடைசியாக வந்தார். இரண்டு வளைவுக்குள் வேகம் முப்பதானது. அதற்குமேல் ஏறவில்லை. இப்போது அது எஸ்தரின் பயமாக இருக்கலாம். யாரும் கேட்கவில்லை.