நேர்ந்துவிட்ட கடா

மகனுக்குக் காய்ச்சல் தீர்ந்ததற்காகச் சவரிமுத்து நேர்ந்துவிட்ட கடா, அந்தோணியார் கோயில் வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்தது. உள்ளே சாமியார் பிரசங்கம் செய்வது ஒலிபெருக்கியில் கேட்டது. "எல்லோருடைய பாவத்துக்காகவும் ஆண்டவர் சிலுவையில் ஒரேமுறை பலியாகிவிட்டார். இனி வேறு பலி தேவையில்லை."

கடா கோயில் சேவலிடம் சொன்னது: "அப்போ நான் வீட்டுக்குப் போயிடலாம், அண்ணே."

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றார்," என்றது சேவல். "சனங்களும் அழுதுகிட்டேதான் கேக்குது."

"அழுதா மனசு இளகும்தானே?"

"அழுதா பசிக்கும், தம்பி."

பூசை முடிந்தது. சவரிமுத்து கண்ணைத் துடைத்தபடி வந்து, கடாவின் தலையைத் தடவிக் கயிற்றை அவிழ்த்தார்.

"பாத்தீங்களா அண்ணே, அவுத்துட்டார்."

சேவல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. விருந்துக்கு உலை கொதிக்கும் கொட்டகையை நோக்கி, கடா அவருக்கு முன்னாலேயே துள்ளி ஓடியது.